ஜான் டால்பட்: போரால் வளர்ந்து போரில் மாண்ட ஆங்கிலப் பிரபு

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போரின் கடைசிப் பெரிய சண்டை 1453 ஜூலை 17 அன்று, தென்மேற்கு பிரான்சில் தோர்தோன்யு ஆற்றங்கரையில் உள்ள காஸ்தியோன் என்ற சிற்றூருக்கு வெளியே நடந்தது. ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கி வந்த ஷ்ரூஸ்பரி ஏர்ல் ஜான் டால்பட் தம் மகனோடு அங்கேயே மாண்டார். இந்த மரணத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது: குதிரையையும் வாளையும் நம்பி வாழ்ந்த பழைய தலைமுறைப் பிரபு ஒருவர், பீரங்கியின் காலம் வந்துவிட்டதை உணராமல் அதன் வாய்க்கு முன்னால் போய் நின்றார் என்பதே அது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும், டால்பட்டின் ஐம்பது ஆண்டுக் காலப் போர் வாழ்க்கையோடு இந்த விளக்கம் ஒட்டவில்லை. பீரங்கியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. அன்று காலை அவர் எடுத்த முடிவு, அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் அவருக்கு வெற்றிமேல் வெற்றி தேடித்தந்த அதே முடிவுதான். அந்த முடிவை எடுத்தே ஆக வேண்டிய நிலைக்கு இங்கிலாந்து அவரைத் தள்ளியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் காஸ்தியோன் விளங்கும்.

டால்பட் 1387ஆம் ஆண்டை ஒட்டி, வேல்ஸ் எல்லையோரமான ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஒரு பிரபுக் குடும்பத்தில் இரண்டாவது மகனாகப் பிறந்தார். தந்தையின் நிலமும் பட்டமும் மூத்த மகனுக்கே போகும் என்பது அந்நாட்டு வழக்கம் என்பதால், இளைய மகன்களுக்குத் திருச்சபை, போர், சொத்துள்ள பெண்ணைக் கைப்பிடித்தல் ஆகிய வழிகளே மிஞ்சின. டால்பட்டுக்குப் பின் இரண்டும் வாய்த்தன. 1396இல் தந்தை இறந்த பிறகு தாய் ஆங்கரெட் மறுமணம் செய்துகொண்ட தாமஸ் நெவில் என்பவருக்கு, முதல் மனைவி வழியாக மாட் என்றொரு மகள் இருந்தாள். அந்த மாட்டைத்தான் டால்பட் மணந்தார். அவளோடு ஃபர்னிவல் குடும்பத்தின் ஷெஃபீல்டு நிலங்களும், நாடாளுமன்றத்தில் பிரபுவாக அமரும் உரிமையும் அவருக்குக் கிடைத்தன. பின்னாளில் அண்ணன் கில்பர்ட் 1418இல் ரூவான் நகர முற்றுகையின்போது இறக்க, அண்ணனின் ஒரே மகளும் 1421இல் சிறு வயதிலேயே இறந்துபோனதால், குடும்பத்தின் மூலச் சொத்தும் அவர் கைக்கே வந்து சேர்ந்தது.

போரை அவர் கற்றுக்கொண்டது பிரான்சில் அல்ல, வேல்ஸில். ஓவைன் க்ளிண்டூர் தலைமையில் வெல்ஷ் மக்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த காலத்தில், இருபது வயதுகூட நிறையாத டால்பட் எல்லைக் காவலில் இறங்கினார். மலைப் பாதைகளில் சிறு சிறு குழுக்களோடு விரைந்து நகர்வது, எதிரி எதிர்பாராத நேரத்தில் போய் விழுவது, கோட்டையை வளைத்து உணவு வராமல் அடைப்பது என்பதே அந்தப் போரின் இயல்பு. 1409இல் ஹார்லெக் கோட்டை டால்பட் சகோதரர்களிடம் வீழ்ந்தபோது க்ளிண்டூரின் மனைவியும் மகள்களும் சிறைப்பட்டனர். கிளர்ச்சி அதன்பின் தலைதூக்கவில்லை.

1414இல் ஆங்கில மன்னர் ஐந்தாம் ஹென்றி அவரை அயர்லாந்துக்கு அரசப் பிரதிநிதியாக அனுப்பினார். டப்ளினைச் சுற்றியிருந்த ஆங்கிலக் குடியேற்றப் பகுதியைக் காப்பதுதான் வேலை. கருவூலத்திலிருந்து வர வேண்டிய பணம் சரியாக வரவில்லை. படைவீரர்கள் ஊராரிடமிருந்து தானியத்தையும் கால்நடையையும் விலை கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்கள். பதவிக்காலம் முடிந்து அவர் திரும்பியபோது கடன் பாக்கி பற்றிய புகார்களே மிஞ்சின. அங்கே செல்வாக்கோடு இருந்த ஆர்மண்ட் ஏர்ல் ஜேம்ஸ் பட்லரோடு மூண்ட பகை ஒரு தலைமுறைக் காலம் நீடித்து, டால்பட்டின் மகனுக்கு ஆர்மண்டின் மகளை மணம் முடித்த பிறகே தணிந்தது. ஐரிஷ் ஆண்டுக்குறிப்பு ஒன்று, விவிலியத்தில் வரும் ஏரோது மன்னனின் காலத்துக்குப் பிறகு இவரைப் போன்ற கொடியவர் பிறந்ததில்லை என்று அறிஞர்கள் கூறுவதாக எழுதிவைத்திருக்கிறது. ஆங்கில மரபு அவரை வீரத்தின் உருவமாகப் போற்றுவதைப் படிப்பவர்கள் இந்த வரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிரான்சில் நடந்த போரின் கணக்கு வழக்கைத் தெரிந்துகொள்ளாமல் டால்பட்டைப் புரிந்துகொள்ள முடியாது. மன்னருக்கு அன்று நிரந்தரப் படை கிடையாது. ஒரு பிரபு இத்தனை வீரர்களோடு இத்தனை மாதம் பணி செய்வதாக மன்னரோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்வார். ஒரே தோலில் இருமுறை எழுதப்படும் அந்த ஒப்பந்தம் வளைவாகவோ பல்வரிசை போலவோ வெட்டப்பட்டு ஆளுக்கொரு பாதியாகப் பிரிக்கப்படும். தகராறு வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்த்து உண்மை அறியலாம். ஏர்லுக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ், நைட்டுக்கு 2 ஷில்லிங், கவசவீரனுக்கு 1 ஷில்லிங், வில்லாளிக்கு 6 பென்ஸ் என்பது வழக்கமான ஊதியம். சிறைபிடித்தவர்களிடம் பெறும் மீட்புப்பணத்திலும் கொள்ளையிலும் மூன்றில் ஒரு பங்கை வீரன் தன் தலைவனுக்குக் கொடுக்க, தலைவன் தன் பங்கில் மூன்றில் ஒன்றை மன்னருக்குக் கட்ட வேண்டும். ஆகவே போர் என்பது கடமையாகவும் கௌரவமாகவும் இருந்த அதே நேரத்தில் ஒரு தொழிலாகவும் இருந்தது. முதல் போட்டுச் செய்யும் தொழில் என்பதால் அதில் நட்டமும் உண்டு.

அந்த நட்டத்தை டால்பட் 1429இல் சுவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஆங்கிலேயர் ஓர்லியான் நகரை முற்றுகையிட்டபோது, தலைமைத் தளபதியான சாலிஸ்பரி ஏர்ல் கோட்டைச் சாளரம் ஒன்றின் அருகே நின்று நகரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வந்து மோதிய பீரங்கிக் குண்டு அவர் முகத்தைச் சிதைத்தது, சில நாள்களில் அவர் இறந்தார். அவருக்குப் பின் முற்றுகையை நடத்திய தளபதிகளில் டால்பட்டும் ஒருவர். தம் படைத்தலைவரைப் பீரங்கிக்குப் பறிகொடுத்த ஒருவர் பீரங்கியை அறியாதவராக இருந்திருக்க முடியாது.

பிரெஞ்சுப் படைக்கு ஊக்கமூட்டிய இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கின் வருகைக்குப் பின் 1429 மே 8 அன்று முற்றுகை கலைந்தது. ஜூன் 18 அன்று பாத்தே என்ற இடத்தில் பின்வாங்கிக்கொண்டிருந்த ஆங்கிலப் படையைப் பிரெஞ்சுக் குதிரைப்படை எட்டிப் பிடித்தது. வேலிகளுக்கு நடுவே மறைந்து, கூர்முனைக் கழிகளை மண்ணில் நட்டுக்கொண்டிருந்த வில்லாளிகளின் கூட்டத்துக்குள் ஒரு கலைமான் பாய்ந்து வர, அவர்கள் எழுப்பிய கூச்சல் அவர்கள் இருக்குமிடத்தைப் பிரெஞ்சு வேவுக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தது. அணிவகுக்க நேரம் கிடைக்காத வில்லாளிகள் கொத்துக் கொத்தாக வெட்டப்பட்டார்கள். டால்பட் சிறைப்பட்டார், உடனிருந்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் தப்பிச் சென்றார். ஃபாஸ்டால்ஃப் கோழைத்தனமாக ஓடிவிட்டார் என்று டால்பட் சாட்டிய குற்றம் பல ஆண்டுகள் அவரைத் துரத்தி, கடைசியில் அவர் குற்றமற்றவர் என்றே முடிந்தது. நடந்ததைப் பார்க்கையில், தோற்றுப்போன களத்தை விட்டு எஞ்சிய படையோடு விலகிய ஃபாஸ்டால்ஃபின் மேல் பெரிய பிழை காண்பது கடினம். டால்பட்டோ ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சிறையிருந்து, ஆங்கிலேயரிடம் அகப்பட்ட சாந்த்ராய் என்ற பிரெஞ்சுத் தளபதிக்கு மாற்றாக 1433இல்தான் விடுதலையானார்.

அவர் புகழின் பெரும்பகுதி இதற்குப் பிறகு வந்தது. 1435இல் பிரான்சில் ஆங்கில ஆட்சியைத் தாங்கிப் பிடித்திருந்த பெட்ஃபோர்டு கோமகன் இறந்தார். பர்கண்டி கோமகன் பிரெஞ்சு மன்னர் ஏழாம் சார்லஸோடு சமாதானம் செய்துகொண்டு ஆங்கிலேயரைக் கைவிட்டார். அடுத்த ஆண்டு பாரிஸ் கைநழுவியது. ஆளும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலையில் வட பிரான்சில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த நார்மண்டியைக் காக்கும் பொறுப்பு டால்பட்டின் தோளில் விழுந்தது. பெரிய படையைத் திரட்டி நேருக்கு நேர் மோதும் வசதி இல்லாதவருக்கு வேகம் ஒன்றே மிஞ்சியது. 1436இன் தொடக்கத்தில் ரூவானுக்கு அருகே ரீ என்ற ஊரில் தங்கியிருந்த லா ஈர், சாந்த்ராய் ஆகிய பிரெஞ்சுத் தளபதிகளின் படைமேல் திடீரென விழுந்து சிதறடித்தார். 1437 பிப்ரவரியில் பாரிஸுக்கு வடக்கே உள்ள போந்த்துவாஸ் நகரைப் பிடித்தது இன்னும் துணிச்சலானது: அகழி உறைந்து கிடந்த குளிர்காலத்தில், பனியோடு பனியாகத் தெரியும்படி வெள்ளை உடை போர்த்திய வீரர்கள் இரவில் மதிலடிக்கு வந்து பதுங்கி, விடியுமுன் ஏறி நகரைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டின் இறுதியில், பர்கண்டிப் படை வளைத்திருந்த லெ குரொத்துவா கோட்டையைக் காப்பதற்காக, எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோம் ஆற்றின் கழிமுகத்தை நீரில் இறங்கிக் கடந்தார்; முற்றுகையிட்டவர்கள் கலைந்து போனார்கள்.

இந்த வெற்றிகள் ஒவ்வொன்றிலும் ஒரே முறைதான் தெரிகிறது. எதிரி அங்கே இருக்கிறான் என்ற செய்தி கிடைத்ததும் முழுப் படை சேரக் காத்திராமல் இருப்பவர்களோடு இரவோடிரவாகப் புறப்படுவது, எதிரி நிதானிப்பதற்குள் தாக்குவது, எதிரியின் அச்சத்தையே பாதிப் படையாகக் கணக்கில் கொள்வது. டால்பட் வருகிறார் என்ற பேச்சே சில இடங்களில் முற்றுகையைக் கலைத்திருக்கிறது. ஆனால் இந்த முறை ஊரைப் பிடிக்க உதவியதே தவிர, பிடித்ததை வைத்துக்கொள்ள உதவவில்லை. போந்த்துவாஸ் 1441இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அது விழாமல் காக்க டால்பட் ஏழாம் சார்லஸை ஆற்றுக்கு ஆறு துரத்தியும் பயன் கிட்டவில்லை. 1442இல் அவருக்கு ஷ்ரூஸ்பரி ஏர்ல் பட்டம் தரப்பட்டது. அதே ஆண்டு அவர் தொடங்கிய தியெப் துறைமுக முற்றுகை தோல்வியில் முடிந்தது.

போருக்கு இடையே அவருடைய இன்னொரு முகமும் தெரிகிறது. 1445இல் பிரெஞ்சு இளவரசி ஆஞ்சூ மார்கரெட் ஆங்கில மன்னர் ஆறாம் ஹென்றிக்கு மனைவியாக வந்தபோது, ரூவானில் எழுதி வண்ணம் தீட்டப்பட்ட ஒரு பெரிய கையெழுத்துப் பிரதியை டால்பட் அவருக்குப் பரிசளித்தார். ஆங்கிலம் கற்ற பிறகும் அரசி தம் தாய்மொழியை மறக்காதிருக்கும் பொருட்டு இந்தப் பிரெஞ்சுக் கதைகளைத் தருவதாக அதன் முன்னுரைப் பாடல் கூறுகிறது. முதல் ஓவியத்தில் நீண்ட அங்கியோடு மண்டியிட்டு நூலை நீட்டும் டால்பட்டும், அவருக்குப் பின்னால் அவர் குடும்பச் சின்னமான வெள்ளை வேட்டைநாயும் இருக்கின்றன. பிரித்தானிய நூலகத்தில் இன்றும் அந்தப் பிரதியைக் காணலாம்.

தாய்நாட்டில் அவர் குடும்பம் வேறொரு போரை நடத்திக்கொண்டிருந்தது. மாட் இறந்தபின் 1425இல் அவர் மணந்த மார்கரெட் பீச்சம், வாரிக் ஏர்லின் மூத்த மகள். மார்கரெட்டின் தாய், பார்க்லி பிரபுவுக்கு ஒரே மகள். அந்தப் பிரபு 1417இல் இறந்தபோது கோட்டையும் நிலமும் மகளுக்கா, ஆண்வழி வாரிசான தம்பி மகனுக்கா என்ற வழக்கு எழுந்தது. அது மார்கரெட்டின் தலைமுறைக்கும் இறங்கியது. ஷ்ரூஸ்பரி பட்டம் முதல் மனைவியின் மகனுக்கே போகும் என்பதால், மார்கரெட் தம் மகன் ஜானுக்குச் சொத்து தேட வேண்டியிருந்தது. அவர் குறி வைத்தது பார்க்லி நிலங்களை. லைல் பட்டம் பெற்ற அந்த மகன் 1451இல் பார்க்லி கோட்டைக்குள் ஆள்களோடு நுழைந்து, ஜேம்ஸ் பார்க்லியையும் அவர் மகன்களையும் பிடித்து வைத்து உரிமையை எழுதி வாங்கினார். கணவருக்காக வழக்காடிய ஜேம்ஸின் மனைவி இசபெல், மார்கரெட்டின் ஏற்பாட்டால் குளோஸ்டர் கோட்டையில் சிறை வைக்கப்பட்டு 1452இல் அங்கேயே இறந்தார். நார்மண்டியில் எதிரியின் ஊரைப் பிடிக்கக் கையாண்ட முறையே குளோஸ்டர்ஷயரில் அண்டை வீட்டாரின் கோட்டையைப் பிடிக்கவும் பயன்பட்டது. போருக்குப் பழகிய குடும்பங்களின் கையில் உள்நாட்டுச் சட்டம் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை, ஆங்கில அரியணைக்காக அடுத்த சில ஆண்டுகளில் வெடித்த ரோஜாப் போர்கள் என்ற உள்நாட்டுப் போரைவிட இந்தச் சம்பவம் துல்லியமாகக் காட்டுகிறது என்பேன்.

இதற்குள் பிரான்சில் எல்லாம் முடிந்திருந்தது. ஏழாம் சார்லஸ் 1445 முதல் நிரந்தர ஊதியம் பெறும் குதிரைப்படைகளையும், 1448இல் ஊர்தோறும் பயிற்சி பெற்ற வில்லாளிகளையும் உருவாக்கியிருந்தார். சட்டம் படித்து அரசக் கருவூலத்தில் உயர்ந்த ழான் ப்யூரோ, தம்பி காஸ்பாரோடு சேர்ந்து பீரங்கிப் படையைத் திட்டமிட்டு வளர்த்திருந்தார். 1449இல் போர் மீண்டும் தொடங்கியபோது நார்மண்டியின் ஊர்கள் வரிசையாகச் சரணடைந்தன. ரூவான் வீழ்ந்தபோது உடன்படிக்கையின் பிணையாளாக டால்பட் ஒப்படைக்கப்பட்டு 1450 கோடைவரை பிரெஞ்சுக் காவலில் இருந்தார். விடுவிக்கப்பட்டதும் அவ்வாண்டு நடந்த திருச்சபையின் யூபிலி விழாவுக்காக ரோமாபுரிக்குப் புனிதப் பயணம் போனார். இனி பிரெஞ்சு மன்னருக்கு எதிராகக் கவசம் அணிய மாட்டேன் என்று அப்போது அவர் வாக்குக் கொடுத்ததாக ஒரு செய்தி வழங்கி வருகிறது.

1451இல் போர்தோ நகரும் பிரெஞ்சுக்காரர் வசமானது. நார்மண்டியைப் போல இது படையெடுத்துப் பிடித்த ஊர் அல்ல. போர்தோ அடங்கிய அக்கித்தேன் பகுதியின் கோமகள் எலினார் 1152இல் இங்கிலாந்தின் வருங்கால மன்னரை மணந்தது முதல் மூன்று நூற்றாண்டுகள் ஆங்கில அரசோடு சேர்ந்திருந்த நிலம். போர்தோவின் வாழ்வு திராட்சை மதுவில் இருந்தது; 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பெரும்பீப்பாய் மது அங்கிருந்து கப்பலேறியது, அதை வாங்கியவர்களில் ஆங்கிலேயர் முதன்மையானவர்கள். தொலைவில் இருந்துகொண்டு சந்தையும் சலுகையும் தந்த மன்னரை விட்டு, பக்கத்தில் இருந்து வரி கேட்கும் மன்னரிடம் வந்து சேர்ந்ததில் நகரத்தாருக்கு மகிழ்ச்சியில்லை. அவர்கள் ரகசியமாக லண்டனுக்குத் தூது விட்டார்கள். 1452 செப்டம்பரில் அக்கித்தேனின் அரசப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்ட டால்பட், அறுபதைக் கடந்த வயதில், சுமார் 3,000 பேரோடு அக்டோபரில் மெதோக் கரையில் இறங்கினார். போர்தோ நகரத்தார் கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வசந்தத்தில் மகன் லைல் கூடுதல் படையோடு வந்து சேர்ந்தார்.

1453 கோடையில் பிரெஞ்சுப் படைகள் பல திசைகளிலிருந்து வந்தன. அவற்றுள் ஒன்று காஸ்தியோனை முற்றுகையிட்டது. அங்கே ப்யூரோ செய்த ஏற்பாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஊரைச் சுற்றி வளைப்பதற்கு முன்பே, ஊர்ப் பீரங்கிகளின் எல்லைக்கு அப்பால், லிதுவார் ஓடையை ஒரு பக்கம் அரணாகக் கொண்டு, அகழியும் மண்மேடும் மரத்தடுப்பும் உள்ள நீண்ட முகாம் ஒன்றை அவர் சில நாள்களில் எழுப்பினார். அதன் சுவர் நேர்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து ஓடியது. தடுப்பை நெருங்கி வரும் ஒருவன்மேல் முன்னாலிருந்து மட்டுமல்லாமல் இரு பக்கங்களிலிருந்தும் சுட முடியும். பெரிதும் சிறிதுமாக 300 துப்பாக்கிகளும் பீரங்கிகளும் அங்கே இருந்ததாகக் காலவரலாற்றாளர்கள் சொல்கிறார்கள்; அவற்றில் பல கையில் தூக்கிச் சுடக்கூடியவை. பிரான்சின் மேற்கு முனையிலுள்ள பிரெட்டனி பகுதியைச் சேர்ந்த பிரெட்டன் குதிரைப்படை ஒன்றும் வடக்கு மேட்டில் தனியே நிறுத்தப்பட்டிருந்தது. ஊரைத் தாக்குவதற்காக வந்த படை, தன்னைத் தாக்க வருபவருக்காகவே முகாம் கட்டியது என்றால், வரப்போவது யார், எப்படி வருவார் என்பது ப்யூரோவுக்குத் தெரிந்திருந்தது என்றே பொருள்.

காஸ்தியோன் மக்களின் அழைப்பு வந்தபோது டால்பட் முதலில் தயங்கினார்; எதிரி போர்தோவை நெருங்கட்டும் என்பது அவர் எண்ணம். நகரத்தார் குறை கூறியதும் ஜூலை 16 அன்று புறப்பட்டு, லிபூர்ன் வழியாக இரவு முழுவதும் நடந்து, 17ஆம் தேதி விடியலில் காஸ்தியோனுக்கு வடக்கே ஒரு மடத்தில் தங்கியிருந்த பிரெஞ்சு வில்லாளிகள்மேல் பாய்ந்து அவர்களை வெட்டியும் விரட்டியும் கலைத்தார். அப்போது உடனிருந்தவர்கள் குதிரையேறிய 1,300 பேர் அளவில்தான். காலாள்படை இன்னும் வழியில் இருந்தது. மடத்தில் கிடைத்த மதுவைக் குடித்து வீரர்கள் இளைப்பாறினார்கள். டால்பட் திருப்பலிக்குக் காத்திருந்தார். அந்த நேரத்தில், பிரெஞ்சு முகாமிலிருந்து பெரும்புழுதி எழுகிறது, எதிரி ஓடுகிறான் என்று ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னான். உண்மையில் இடம் போதாமல் முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட குதிரைகளும் ஏவலாள்களும் கிளப்பிய புழுதி அது. எதிரியைச் சிதறடிக்காமல் திருப்பலி கேட்பதில்லை என்று சொல்லி டால்பட் எழுந்தார் என்பர்.

முகாமை நெருங்கியதும் உண்மை தெரிந்துவிட்டது. யாரும் ஓடவில்லை. கொடி தாங்கிய தாமஸ் எவரிங்கம் பின்னால் வரும் படைக்காகக் காத்திருக்கலாம் என்றார், டால்பட் கேட்கவில்லை. தாக்கியவர்கள் குதிரையை விட்டிறங்கி நடந்தார்கள். வயது கருதி டால்பட் மட்டும் கவசமின்றிச் செந்நிற அங்கியோடு சிறு குதிரைமேல் இருந்தார். அடுத்த ஒரு மணி நேரம், வந்து சேர்ந்த ஒவ்வொரு குழுவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்பின்மேல் மோதி, மூன்று பக்கச் சூட்டில் விழுந்தது. எவரிங்கம் முதலில் வீழ்ந்தவர்களில் ஒருவர். பிறகு மேட்டிலிருந்த பிரெட்டன் படை பக்கவாட்டில் இறங்கியது. குண்டுபட்டு விழுந்த குதிரையின் அடியில் டால்பட் சிக்கிக்கொள்ள, பிரெஞ்சு வீரன் ஒருவன் கோடரியால் அவர் தலையில் வெட்டினான். தந்தையைக் காக்க முயன்ற லைலும் அங்கேயே இறந்தார். மறுநாள் உருக்குலைந்து கிடந்த உடலை, வாயில் விரலை விட்டு ஒரு பல் இல்லாத இடத்தைத் தொட்டுப் பார்த்து, அவருடைய கட்டியக்காரரே அடையாளம் சொன்னதாகக் கூறப்படுகிறது. 1874இல் ஷ்ராப்ஷயரில் உள்ள விட்சர்ச் ஊர் தேவாலயத்தில் அவர் கல்லறையைத் திறந்தவர்கள் மண்டையோட்டில் வெட்டுப் பிளவைக் கண்டார்கள்.

அவர் காத்திருந்திருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது. ஆனால் ரீயிலும் போந்த்துவாஸிலும் காத்திருந்திருந்தால் டால்பட் என்ற பெயரே இருந்திருக்காது. எதிரி தடுமாறும் கணத்தில் அடிப்பவருக்குத் தவறான செய்தி ஒன்று போதும். நார்மண்டியில் அந்தத் தவறின் விலை ஒரு சிறு குழுவின் பின்வாங்கலாக இருந்திருக்கும். காஸ்தியோனில் அவருக்கு எதிரே இருந்தது தடுமாறாத, ஊதியம் பாக்கியில்லாத, இடத்தை அளந்து கட்டிய படை. பின்னாலோ, இழந்தால் ஈடு செய்ய இன்னொரு படை இங்கிலாந்திடம் இல்லை.

அக்டோபர் 19 அன்று போர்தோ சரணடைந்தது. அதற்கிடையில் ஆகஸ்டிலேயே ஆறாம் ஹென்றி மனம் பிறழ்ந்து, ஓராண்டுக்கு மேல் யாரையும் அறியாத நிலைக்குப் போனார். காஸ்தியோன் செய்திதான் காரணம் எனப் பலர் கருதுகிறார்கள். 1455இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. ஷ்ரூஸ்பரியின் இரண்டாம் ஏர்லாகிய மூத்த மகன் 1460இல் நார்தாம்ப்டன் சண்டையில் இறந்தார். லைலின் மகன் தாமஸ், பாட்டி மார்கரெட்டிடமிருந்து பார்க்லி வழக்கைச் சொத்தோடு சேர்த்துப் பெற்று, 1470இல் வில்லியம் பார்க்லிக்குக் கடிதம் எழுதிச் சண்டைக்கு அழைத்தார். மார்ச் 20 அன்று நிப்ளி கிரீன் என்ற இடத்தில், மன்னரின் பெயரோ அனுமதியோ இல்லாமல் இரு பிரபுக்களின் ஆள்கள் மோதிக்கொண்டார்கள். இருபது வயதையொட்டிய தாமஸ் முகத்தில் அம்பு தைத்து இறந்தார். வழக்கு அதன்பிறகும் நீதிமன்றங்களில் நடந்து 1609இல் முடிந்தது.